காசு வரும்போது காது போகும்!

சிகரெட்டை விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். சீட்டாட்டத்தை விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால், ஒரு கடையில் நல்ல ஸ்பீக்கரில் பாட்டுக் கேட்டுவிட்டு, 'என் வீட்டில் இருப்பதே போதும்ப்பா' என்று கையை வீசிக்கொண்டு வீடு திரும்பிய ஆசாமியை மட்டும் இதுவரை பார்த்ததில்லை.

ஆரம்பத்தில் எல்லாம் நல்லபடியாகத்தான் இருக்கும். பையனுக்கு வேலை கிடைக்கும். இரண்டாவது மாதச் சம்பளத்தில் ஒரு சின்ன மியூஸிக் சிஸ்டம் வாங்குவான். காலையில் அம்மாவுக்கு சுப்ரபாதம், சாயங்காலம் அப்பாவுக்கு பி.பி.ஸ்ரீனிவாஸ், ராத்திரி தனக்கு இளையராஜாவும் ரஹ்மானும். குடும்பமே சந்தோஷமாக இருக்கும். அப்போதுதான் ஆபீஸில், பக்கத்து ஸீட்டுக்கு ஒருத்தர் மாற்றலாகி வருவார்.

"என்ன சிஸ்டம் சார் வெச்சிருக்கீங்க?"

பையன் சொல்வான்.

"ஓஹோ..."

அவ்வளவுதான். அந்த 'ஓஹோ'வின் விலை, அடுத்த பத்து வருஷத்தில் குறைந்தபட்சம் நாலு லட்சம்.

இந்தக் கூட்டத்துக்கு இங்கிலீஷில் 'ஆடியோஃபைல்' என்று பெயர். தமிழில் 'ஒலிப் பித்தர்' என்று மரியாதையாகச் சொல்லலாம். வீட்டில் இருப்பவர்கள் இன்னும் சுருக்கமாகச் சொல்வார்கள்: கிறுக்கு.

இவர்களுக்கென்று தனி பாஷை உண்டு. "இந்த ஆம்ப்ளிஃபயர்ல ஒரு வார்ம்த் இருக்கு சார்." "ட்வீட்டர் கொஞ்சம் கசக்குது." "பேஸ் கெட்டியா இருக்கு, ஆனா லேட்டா வருது." பக்கத்து அறையிலிருந்து கேட்டால், பேச்சு ஸ்பீக்கரைப் பற்றியா, கும்பகோணம் டிகிரி காபியைப் பற்றியா என்று சத்தியமாகக் கண்டுபிடிக்க முடியாது.

வியாதி முற்றியதற்கு ஒரே ஒரு அடையாளம்தான். நம்மை உட்கார வைத்துப் பாட்டுப் போடுவார். பல்லவி முடிவதற்குள், "இப்ப பின்னாடி டிங்னு ஒரு சத்தம் வந்துச்சே, கேட்டீங்களா?" என்று நிறுத்திவிடுவார். அடுத்த பாட்டு. அதிலும் ஒரு டிங். ஒரு மணி நேரத்தில் முப்பது பாட்டு, ஒரு சரணம்கூடக் கிடையாது. ஒரு காலத்தில் மெஷினை வைத்துப் பாட்டைக் கேட்டவர், இப்போது பாட்டை வைத்து மெஷினைக் கேட்கிறார்!

நான் பி.காம். எதையும் வரவு, பற்று என்று இரண்டு பக்கமாகப் பிரித்துப் போடாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. இந்தப் பித்துக்கும் ஒரு கணக்கு எழுதிப் பார்த்துவிடலாம்.

★ ★ ★

முதலில் வரவுப் பக்கம். நியாயம் என்று ஒன்று இருக்கிறது அல்லவா?

நல்ல சத்தம் என்பது வெறும் பிரமை இல்லை. பேஸ் கிடாரின் அடித் தந்தி, விநாடிக்கு 41 தடவை அதிரும். செல்போனின் பட்டாணி சைஸ் ஸ்பீக்கரால் அந்த அதிர்வைக் கொடுக்கவே முடியாது. மேலே கேட்கிற மற்ற அதிர்வுகளை வைத்துக்கொண்டு, 'இங்கே ஒரு பேஸ் இருந்திருக்கணுமே' என்று நம் மூளைதான் குத்துமதிப்பாக இட்டு நிரப்பிக்கொள்கிறது. இளையராஜா பாட்டை வருஷக்கணக்கில் செல்போனில் மட்டுமே கேட்டவன், முதல் தடவை ஒரு நல்ல ஸ்பீக்கரில் கேட்கும்போது ஆடிப்போவது இதனால்தான். பாடகர் ஒரு பாட்டுப் பாட, கீழே பேஸ் கிடார் தன் பாட்டுக்கு இன்னொரு பாட்டுப் பாடிக்கொண்டு போகும். இத்தனை நாளும் அது அங்கேயேதான் இருந்திருக்கிறது. நமக்குத்தான் வந்து சேரவில்லை.

இந்த சந்தோஷம் பணக்காரர்களுக்கு மட்டும் சொந்தமில்லை. நம் ஊர் டீக்கடைகளில் ஸ்பீக்கரை மண்பானையின் வாயில் பொருத்தி வைத்திருப்பார்களே, ஞாபகம் இருக்கிறதா? பலரும் அதை வேடிக்கை என்று நினைத்தார்கள். அது சுத்தமான பெளதிகம். ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு முன்னால் தள்ளும்போது முதுகுப் பக்கம் இழுக்கும். பெட்டி இல்லாமல் வெறுமனே மாட்டினால் முன்பக்கச் சத்தமும் பின்பக்கச் சத்தமும் சுற்றிவந்து ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு, பேஸ் காலி. பானை அந்தச் சண்டையைத் தடுக்கிறது. தவிர, பானைக்குள் இருக்கும் காற்றே ஒரு குறிப்பிட்ட சுருதியில் சேர்ந்து அதிரும். ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 19-ஆம் நூற்றாண்டில் இதை விளக்கினார். நம் டீக்கடைக்காரர் அதே வேலையைக் குயவரிடம் பானை வாங்கி முடித்துவிட்டார்.

ஆக, நல்ல சத்தத்துக்கு ஆசைப்படுவதில் தப்பே இல்லை. வரவுப் பக்கத்தில் இதைக் கொட்டை எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

இனி பற்று.

★ ★ ★

முதல் பற்று: வாட்ஸ்.

1990-களில் சாப்பாட்டு டப்பா சைஸுக்கு ஒரு பெட்டி வரும். அதன் நெற்றியில் '1000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.' என்று எழுதியிருக்கும். அந்தப் பெட்டிக்கு நிஜமாகவே ஆயிரம் வாட் இருந்தால் அதிலேயே துணி இஸ்திரி போடலாம். கண் சிமிட்டும் நேரத்துக்கு வந்துபோகிற உச்சத்தை, கம்பெனிக்காரர் இஷ்டப்படி பெருக்கிப் போட்டது அந்த நம்பர். கவனிக்க வேண்டியது 'ஆர்.எம்.எஸ்.' என்ற இன்னொரு நம்பர். புரியும்படி சொன்னால், ஆர்.எம்.எஸ். என்பது மாதாமாதம் கையில் வாங்குகிற சம்பளம். பி.எம்.பி.ஓ. என்பது பெண் பார்க்கப் போகும்போது தரகர் சொல்கிற சம்பளம்.

சரி, நிஜ வாட்டாகவே இருக்கட்டும். 50 வாட்டை விற்றுவிட்டு 100 வாட் வாங்கினால் சத்தம் இரண்டு மடங்கா? அதுதான் இல்லை. வாட் இரண்டு மடங்கானால் ஏறுவது வெறும் 3 டெசிபல். 'லேசாக ஏறியிருக்கு போல' என்கிற அளவுதான். காதுக்கு 'இரண்டு மடங்கு' என்று தோன்ற சுமார் 10 டெசிபல் ஏற வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட் வேண்டும். 10 வாட்டின் இரட்டைச் சத்தம் 100 வாட். அதற்கும் இரட்டைச் சத்தம் 1000 வாட்.

காமர்ஸ் வகுப்பில் 'குறைந்து செல் பயன்பாட்டு விதி' என்று ஒன்று நடத்துவார்கள். பசித்தவனுக்கு முதல் இட்லி அமிர்தம், மூணாவது சாதா, ஏழாவது தண்டனை. ஆடியோவும் அதே கதைதான், ஒரே ஒரு வித்தியாசம். இங்கே ஏழாவது இட்லியின் விலை, முதல் இட்லியைவிட நூறு மடங்கு!

★ ★ ★

இரண்டாவது பற்று: கண்.

காதைப் பற்றிப் பேசும்போது கண் எங்கே வந்தது என்கிறீர்களா? அதுதான் விஷயமே.

1994-ல் அமெரிக்காவின் ஹர்மன் கம்பெனியில் ஃப்ளாய்டு டூல், ஷான் ஆலிவ் என்ற இரண்டு பேர் ஒரு சோதனை செய்தார்கள். அதே ஸ்பீக்கர்கள், அதே ஆட்கள். ஒரு தடவை ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டு கேட்டு மார்க் போட வேண்டும். இன்னொரு தடவை குறுக்கே திரை. பார்த்துக்கொண்டு கேட்டபோது பெரிய, அழகான ஸ்பீக்கர்களுக்கு மார்க் ஏறியது. திரை விழுந்ததும் வித்தியாசம் சுருங்கிவிட்டது. இதில் விசேஷம் என்னவென்றால், ஸ்பீக்கரை இடம் மாற்றி வைத்ததால் சத்தத்தில் நிஜமாகவே மாறுதல் இருந்தபோதுகூட, பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அதை அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. கண், காதுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டது.

'அதெல்லாம் பழசு சார். இப்ப ஹை ரெஸல்யூஷன் வந்தாச்சு' என்பார்கள். அதையும் சோதித்தார்கள். சாதாரண ஸி.டி.யைவிட உசத்தி என்று வந்த இசைத்தகடுகளைப் போட்டு, நடுவில் ரகசியமாக சாதாரண ஸி.டி. தரத்துக்கு இறக்கும் ஒரு பெட்டியைச் சேர்த்தும் எடுத்தும், எது எது என்று கேட்டார்கள். பாஸ்டனைச் சேர்ந்த மேயர், மோரன் என்ற இருவர் 2007-ல் முடிவை வெளியிட்டார்கள். மொத்தம் 554 முயற்சி. சரியாகச் சொன்னது 276. நம் ஆபீஸ் வாட்ச்மேனிடம் ஒரு ரூபாய்க் காசைக் கொடுத்து பூவா தலையா போடச் சொன்னாலும் ஏறக்குறைய அதே ரிஸல்ட்தான்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. 'டிஜிட்டலே தரித்திரம். பழைய கறுப்பு ரெக்கார்டுதான் தெய்வம்' என்கிற கூட்டம். இவர்கள் கொண்டாடிய அமெரிக்கக் கம்பெனி மொபைல் ஃபிடலிட்டி. ஒரிஜினல் டேப்பிலிருந்து நேராக எடுக்கிறார்கள், இடையில் டிஜிட்டல் வாடையே கிடையாது என்று நம்பி, சாதாரண ரெக்கார்டைப் போலப் பல மடங்கு விலை கொடுத்து வாங்கினார்கள். '1-ஆம் நம்பர் சத்தம்! டிஜிட்டலில் இது வருமா?' என்று உருகினார்கள். 2022 ஜூலையில் குட்டு உடைந்தது. 2011 முதலே அந்த ரெக்கார்டுகள் பலவற்றில் நடுவே ஒரு டிஜிட்டல் படி இருந்ததாகக் கம்பெனியின் இன்ஜினீயர்களே ஒப்புக்கொண்டார்கள்.

வாங்கியவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். சொல்லாமல் விற்றது தப்பு, போனது நியாயம்தான். ஆனால் ஒன்றை யோசியுங்கள். பதினோரு வருஷமாக உலகத்தின் மிகக் கூர்மையான காதுகள் அந்த ரெக்கார்டுகளைக் கேட்டுக்கொண்டிருந்தன. ரகசியத்தைக் காட்டிக் கொடுத்தது காது இல்லை, வாய்!

★ ★ ★

மூன்றாவது பற்று: ஒயர், பிளக், கரண்ட்.

பெட்டி எல்லாம் வாங்கி முடித்த பிறகு மனுஷன் சும்மா இருக்க முடியுமா? ஒயரில் ஆரம்பிப்பான். ஒயரிலிருந்து பிளக், பிளக்கிலிருந்து சுவிட்ச் போர்டு. 'சார், நம்ம ஏரியா கரண்ட்ல அழுக்கு ஜாஸ்தி' என்பான். இந்தப் பாதையில் தொடர்ந்து நடந்தால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு ஜப்பானில் விடை இருக்கிறது. 2016-ல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பத்திரிகை எழுதியது: ஒரு வக்கீல், அக்கம்பக்கத்து ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் தொட்ட கரண்ட் தன் ஆம்ப்ளிஃபயருக்கு வரக்கூடாது என்று, சுமார் 10,000 டாலர் செலவில், வீட்டு வாசலில் சொந்தமாக ஒரு கரண்ட் கம்பமே நட்டுவிட்டார். மேலே அவருக்கே அவருக்கு என்று ஒரு டிரான்ஸ்ஃபார்மர்.

நம் ஊரில் இது எடுபடாது. கம்பம் நட்ட மறுநாள் காலையில் கேபிள்காரர் வந்து ஒயரைக் கட்டிவிடுவார். மத்தியானத்துக்குள் கட்சிக் கொடி. சாயங்காலம் 'மூலம், பவுத்திரம்' போஸ்டர்.

வேடிக்கை என்னவென்றால், கரண்டைச் சுத்தம் செய்கிற ஆசாமி, தலைக்கு மேலே சுற்றுகிற ஃபேனைக் கவனிப்பதில்லை. மொட்டைச் சுவர், டைல்ஸ் தரை, கான்கிரீட் கூரை. கைதட்டினால் பத்து கை தட்டுகிற அறை. அதற்குள் மூணு லட்ச ரூபாய் ஸ்பீக்கரை வைப்பது, குளியலறையில் கச்சேரி வைப்பது மாதிரி.

அறையின் மகிமையை உலகத்துக்குக் கணக்குப் போட்டுக் காட்டியவர் வாலஸ் ஸபைன். 1895-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய ஒரு லெக்சர் ஹாலில் புரொஃபஸர் பேசினால் ஒன்றுமே விளங்கவில்லை. ஒரு வார்த்தையின் எதிரொலி அடங்க ஐந்து விநாடிக்கு மேல் ஆனது. அதற்குள் அடுத்த பத்து வார்த்தை வந்து விழும். சரிசெய்யும் வேலை இளைஞர் ஸபைன் தலையில் விழுந்தது. அவர் என்ன செய்தார்? பக்கத்துத் தியேட்டரிலிருந்து ராத்திரியில் ஸீட் மெத்தைகளைத் தூக்கிவந்து அடுக்கினார். அளந்தார். இன்னும் கொஞ்சம் மெத்தை. மறுபடி அளந்தார். விடிவதற்குள் மெத்தைகளைத் திரும்பக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டார். ராத்திரி ராத்திரியாக மெத்தை சுமந்து அவர் கண்டுபிடித்த சூத்திரத்தைத்தான் இன்றைக்கும் அரங்கம் கட்டுகிறவர்கள் பயன்படுத்துகிறார்கள். 1900-ல் திறந்த பாஸ்டன் சிம்பொனி ஹால் அவர் கணக்குப்படி கட்டியது. உலகின் மிகச் சிறந்த இசை அரங்குகளில் ஒன்று என்று அதற்கு இன்றும் பெயர்.

அதாவது, ஒலி சாஸ்திரமே மெத்தையில் ஆரம்பித்தது. உங்கள் வீட்டிலும் ஆரம்பிக்கலாம். கனமான திரைச்சீலை, தரையில் ஜமக்காளம், புத்தகம் அடைத்த அலமாரி, ஒரு பஞ்சு மெத்தை. ஸ்பீக்கரை மூலையிலிருந்து வெளியே இழுங்கள். மூலையில் வைத்தால் பேஸ் ஊதிப்போய் பாடகர் தொட்டிக்குள் பாடுவார். ட்வீட்டர் உங்கள் காது உயரத்துக்கு வரட்டும். இரண்டு ஸ்பீக்கரும் உங்கள் தலையும் ஒரு சமபக்க முக்கோணம். செலவு, கடையில் விற்கிற ஒரு 'ஸ்பெஷல்' ஒயரைவிடக் குறைவு.

கையில் காசு இருந்தால் முதலில் ஸ்பீக்கருக்குப் போடுங்கள். கடையில் ஒப்பிடும்போது இரண்டும் ஒரே அளவு சத்தத்தில் இருக்கட்டும். துளி ஜாஸ்தியாக வைத்தாலே அதுதான் உசத்தி என்று காது தீர்ப்புச் சொல்லிவிடும். விற்கத் தெரிந்தவர்களுக்கு இது தெரியும். ஒயர் விஷயத்தில் சந்தேகமா? மனைவியையோ தம்பியையோ கூப்பிட்டு, நீங்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு, பழைய ஒயர், புது ஒயர் என்று மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள். இருபது தடவை. பதினைந்துக்கு மேல் சரியாகச் சொன்னால் தாராளமாக வாங்குங்கள். சொல்ல முடியாவிட்டால், அந்தப் பணத்தில் மாற்றிப் போட்டவருக்கு ஏதாவது வாங்கிக் கொடுங்கள்.

★ ★ ★

நான்காவது பற்று, நம் எல்லோருக்கும் உள்ளது: தேய்மானம்.

மெஷினுக்குத் தேய்மானம் போடுகிறோம், காதுக்குப் போடுவதில்லை. பிறக்கும்போது 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் காதுடன்தான் வருகிறோம். வயசு ஏற ஏற, மேலேயிருந்து ஒவ்வொரு படியாக இடியும். நாற்பதைத் தாண்டிய பலருக்கு 15,000-க்கு மேலே உள்ளது பெரும்பாலும் மெளனம். இருபத்தைந்து வயசில் அற்புதமான காது, பையில் பஸ் சார்ஜ். ஐம்பதில் பிராவிடன்ட் ஃபண்டு லோன் போட்டு, 40,000 ஹெர்ட்ஸ் வரை பாடும் ட்வீட்டர் வாங்குவார். அது பாடும். கேட்க வீட்டுப் பூனைதான் இருக்கும்.

காசு வரும்போது காது போய்விடுகிறது சார்!

வயசாவதை யாரும் தடுக்க முடியாது. ஆனால் நாமாகச் செய்கிற சேதாரம் வேறு. உட்காதில் சுமார் 15,000 மயிரிழை செல்கள் இருக்கின்றன. அவைதாம் அதிர்வைப் பிடித்து மூளைக்கு அனுப்புகின்றன. போனால் மனிதருக்குத் திரும்ப முளைக்காது. ரிச்சி தெருவில் எந்தக் கடையிலும் ஸ்பேர் கிடையாது. உலக சுகாதார நிறுவனம் சொல்கிற கணக்கு: 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகிவிடும். 83-க்கு இருபது மணி நேரம், 86-க்குப் பத்து, 89-க்கு ஐந்து. பஸ் இரைச்சலை ஜெயிக்க இயர்ஃபோனை முழுசாகத் திருகிவைத்துக்கொண்டு தினமும் ஆபீஸ் போகிற தம்பி, இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்க்கணும். உங்கள் சிஸ்டத்தில் இருப்பதிலேயே விலை உயர்ந்த பாகம், தலையின் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வாரன்ட்டி கிடையாது.

★ ★ ★

கடைசிப் பற்றுக்கு வருவோம். இதை எழுத எந்தப் பேரேட்டிலும் காலம் கிடையாது.

ஸ்டீரியோ பிறந்த கதை தெரியுமா? ஆலன் பிளம்லைன் என்று ஒரு ஆங்கிலேய இன்ஜினீயர். 1931-ல் வருங்கால மனைவியோடு சினிமாவுக்குப் போயிருந்தார். பேசும் படம் புதிதாக வந்த நேரம். நடிகர் திரையில் இடப் பக்கம் இருந்தாலும் வலப் பக்கம் இருந்தாலும் குரல் ஒரே இடத்திலிருந்துதான் வந்தது. 'ஆள் நடக்கும்போது குரலும் கூடவே நடக்க என்னால் ஒரு வழி பண்ண முடியும்' என்ற அர்த்தத்தில் அவரிடம் சொன்னாராம். அந்த வருஷக் கடைசியில் பேடன்ட்டுக்கு விண்ணப்பமும் போட்டார். ஆக, ஸ்டீரியோவின் ஆரம்பம், இரண்டு டிக்கெட் எடுத்து ஜோடியாகப் போன ஒரு சினிமா.

அதே ஸ்டீரியோ வீட்டுக்குள் வந்ததும் என்ன ஆனது? சமபக்க முக்கோணம் என்றேன் இல்லையா, அதன் மூன்றாவது முனையில் ஒரே ஒரு தலைக்குத்தான் இடம். கொஞ்சம் நகர்ந்தாலும் நடுவில் நிற்கிற பாடகர், பக்கத்து ஸ்பீக்கருக்குள் போய்விடுவார். எனவே பித்தர்கள் வீட்டில் பாட்டு அறையில் ஒரே ஒரு நாற்காலிதான் இருக்கும். டிரான்ஸிஸ்டர் ரேடியோ சத்தத்தைப் பொறுத்தவரை ஒரு டப்பாதான். ஆனால் அதைச் சுற்றி எட்டுப் பேர் உட்காரலாம். அரிசி களையலாம், சண்டை போடலாம். சிஸ்டம் உயர உயர, நாற்காலி குறைந்துகொண்டே வருகிறது.

கென் ஃப்ரிட்ஸ் என்று ஒருவர். அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலம், ரிச்மண்ட். உலகத்தின் மிகச் சிறந்த வீட்டு ஆடியோவைச் செய்தே தீருவது என்று இறங்கினார். பெரும் பணக்காரர் இல்லை. சொந்தக் கையால் எதையும் செய்யத் தெரிந்த உழைப்பாளி. பாட்டுக் கேட்க மட்டும் 1,650 சதுர அடியில் ஒரு அறை. நம் ஊரில் அதில் இரண்டு ஃபிளாட் கட்டி வாடகைக்கு விட்டுவிடுவார்கள். ஆள் உயரத்தைத் தாண்டிய ஸ்பீக்கர் கோபுரங்கள், ரெக்கார்டு சுற்ற தானே வடிவமைத்த மேடை. 27 வருஷ வேலை. செலவு பத்து லட்சம் டாலர். இன்றைய நம் கணக்கில் எட்டுக் கோடிக்கு மேல். அவரைப் பற்றி ஒரு டாக்குமென்டரியே வந்தது.

2024 ஜனவரியில் வாஷிங்டன் போஸ்ட் அவர் கதையை விரிவாக எழுதியது. பிள்ளைகளின் சனி ஞாயிறுகள் அப்பாவின் வேலைக்கே போயின. கல்யாண வாழ்க்கை முறிந்தது. ஒரு மகனோடு வந்த மனஸ்தாபம் கடைசிவரை தீரவில்லை. எல்லாம் முடிந்து, அறை தயாராகி, உட்கார்ந்து கேட்க வேண்டிய வயசில், தசைகளை ஒவ்வொன்றாக முடக்கிப்போடும் ஏ.எல்.எஸ். என்ற வியாதி வந்தது. 2022-ல் இறந்துபோனார். அந்த சிஸ்டத்தை அப்படியே வாங்க ஆள் கிடைக்கவில்லை. பிரித்துப் பிரித்து ஏலத்தில் விற்றார்கள். மொத்தம் கிடைத்தது 1,56,800 டாலர். ரூபாய்க்குப் பதினாறு பைசாகூட இல்லை.

அந்தப் பதினாறு பைசாவை என்னால் நஷ்டம் என்று எழுத முடியவில்லை. கார் வாங்கினாலும் விலை இறங்கத்தான் செய்யும். ஆசைப்பட்டதைக் கையால் செய்து முடித்த மனுஷன். அந்த சந்தோஷம் அவர் சம்பாதித்தது. அந்த அறையில் அவர் கேட்ட சத்தம் நிஜமாகவே உலகத்தில் வேறு எங்கும் இல்லாததாக இருந்திருக்கலாம். என் பேனா நிற்பது இன்னொரு இடத்தில். அந்தச் சனி ஞாயிறுகளில் ஒன்றிரண்டை, அரைகுறை ஸ்பீக்கரில், அந்தப் பையனைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒரு முழு ரெக்கார்டை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை கேட்டிருந்தால்?

தம்பிகளே, ஸ்பீக்கர் வாங்குங்கள். நல்லதாகவே வாங்குங்கள். திரைச்சீலை போடுங்கள், ஜமக்காளம் விரியுங்கள், முக்கோணம் பிசகாமல் அளந்து வையுங்கள். எல்லாம் முடிந்ததும், நடுவில் இருக்கிற உங்கள் நாற்காலியை ஒரு அடி தள்ளிப் போட்டுவிட்டு, பக்கத்தில் இன்னொன்றைப் போடுங்கள்.

பாடகர் நடுவிலிருந்து கொஞ்சம் நகர்ந்துவிடுவார். அவர் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டார்.